லேஅவுட் பூங்கா: எஸ்டிமேட் போடும் முன் குடியிருப்போர் செய்ய வேண்டியவை

புறநகர் லேஅவுட்டில் மனை வாங்கியவர்களுக்கு இது பழகிய காட்சி. பத்திரத்தோடு வந்த வரைபடத்தில் ஒரு மூலையில் ‘பூங்கா’ என்று போட்டிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம், கட்டட இடிபாடு, யாரோ கட்டிப்போட்ட மாடு. எங்கள் நகரில் அந்த இடம் இன்று பூங்கா. அதற்காக அலைந்த அலைச்சலில் பாதி, யாராவது முன்கூட்டியே வரிசையைச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசைதான் இது. சென்னை, தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்களில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) என்று வரும் இடங்களில் நகர் ஊரமைப்புத் துறை அலுவலகம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்போர் கருத்துக்கு மதிப்பெல்லாம் எஸ்டிமேட் போடும் வரைதான். மதிப்பீடு தயாராகி, தொழில்நுட்ப ஒப்புதல் வாங்கி, டெண்டர் விட்ட பிறகு “அந்த பெஞ்சை இந்தப் பக்கம் போடுங்கள்” என்றால் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சிரிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கையில் அப்போது ஒன்றும் இருக்காது. ஆகவே கீழே உள்ளவற்றில் முதல் ஐந்து படிகளும் எஸ்டிமேட்டுக்கு முன்பே முடிய வேண்டியவை.

1. இடம் யார் பெயரில் இருக்கிறது என்று காகிதத்தில் பாருங்கள்

வரைபடத்தில் ‘பூங்கா’ என்று இருந்தால் மட்டும் அது மாநகராட்சி இடம் ஆகிவிடாது. லேஅவுட் போட்டவர் அதைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்குப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். இப்போதைய விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட (சுமார் இரண்டரை ஏக்கர்) மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக, அதாவது ஓஎஸ்ஆர் நிலமாக, இடமாகவே கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிட்டும் போகலாம். உங்களுடையது சின்ன லேஅவுட்டாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். பணம் கட்டிய லேஅவுட்டில் பூங்கா இடம் தேடி அலைவது வீண்.

திரட்ட வேண்டிய காகிதங்கள்:

அ) ஒப்புதல் பெற்ற லேஅவுட் வரைபடத்தின் நகல். லேஅவுட் ஒப்புதல் எண்ணும் ஆண்டும் உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே இருக்கும். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டோம்.

ஆ) அந்த சர்வே எண்ணுக்கான பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், புலப்பட வரைபடம். தமிழக அரசின் இணையச் சேவையில் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

இ) வில்லங்கச் சான்று. பதிவுத் துறை தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். லேஅவுட் போட்ட ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்து இன்று வரை தேடுங்கள். உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் இதில் தெரியும்.

ஈ) தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகல். சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் சில நூறு ரூபாயில் முடியும்.

இவற்றில் எது கிடைக்கவில்லையோ அதற்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாலும் போதும். பதில் தர 30 நாள் அவகாசம், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கேள்வி இப்படி இருக்கட்டும்: “... எண் கொண்ட மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தின் பரப்பளவு, சர்வே எண், அது உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட தானப் பத்திர எண், பதிவு நாள் ஆகிய விவரங்களையும், அப்பத்திரத்தின் நகலையும் தருக.” “ஏன் இன்னும் பூங்கா அமைக்கவில்லை?” என்று மட்டும் கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேட்டால் ஆவணம் வரும், இல்லாவிட்டால் இல்லை என்ற பதிலாவது எழுத்தில் வரும். அதுவும் உங்களுக்கு ஆயுதம்தான். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள், நழுவுவது இங்கேதான்.

தானப் பத்திரம் பதிவாகவே இல்லை என்று தெரிந்தால் பூங்கா வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, சிஎம்டிஏவுக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் முதலில் அதைப் பற்றி மனுக் கொடுங்கள். அடுத்தவர் பெயரில் உள்ள நிலத்தில் மாநகராட்சி ஒரு செங்கல்கூட வைக்காது. அந்த இடத்தை வேறு எதற்காவது மாற்றப் பார்க்கிறார்கள் என்றால், பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இடத்தில் ஆக்கிரமிப்பு இருந்தால் நீங்களாக வேலி போடவோ பிரிக்கவோ இறங்காதீர்கள். ஒரே நாளில் விவகாரம் காவல் நிலையத்துக்குப் போய், பூங்கா விஷயம் ‘இரு தரப்புத் தகராறு’ ஆகிவிடும். பிறகு எந்த அதிகாரியும் கோப்பைத் தொடமாட்டார். படம் எடுத்து, தேதியிட்டு, மனுவோடு இணையுங்கள். அகற்றுவது மாநகராட்சியின் வேலை.

2. அந்த இடத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வேறு, பூங்காவுக்கு வரப்போகிறவர்கள் வேறு. கூட்டத்தில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற, சொந்த வீட்டுக்கார ஆண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கேட்டால் நடைபாதையும் கேட்டில் பூட்டும் வேண்டும் என்பார்கள்.

ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு என இரண்டு நாள் தேர்ந்தெடுங்கள். காலை 6, முற்பகல் 11, மாலை 4, இரவு 8 மணிக்கு ஆளுக்கு அரை மணி நேரம் அங்கே நின்று, யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று நோட்டில் குறியுங்கள். எங்கள் இடத்தில் முற்பகலில் வந்தவர்கள் வீட்டு வேலை செய்யும் பெண்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே கிடைக்கும் இடைவேளையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். உணவு டெலிவரி பையன்கள் வண்டியை நிறுத்திவிட்டு போனை சார்ஜரில் போட ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்கள். சங்கத்தில் இவர்களில் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. பகல் 10 முதல் 4 வரை பூட்டி வைக்கும் வழக்கமான பூங்காவால் இவர்களுக்கு என்ன பிரயோஜனம்?

கிரிக்கெட் ஆடும் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களுக்கு இடம் விடாமல் பூங்கா அமைத்தால் முதலில் உடைவது விளக்கு. நான் சாபம் விடவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். ஓஎஸ்ஆர் இடத்தில் விளையாட்டுத் திடலும் அமைக்கலாம். ஒரு பக்கத்தை வெறும் மண் தரையாக விட்டுவிடுங்கள் என்று கேட்பதற்குச் செலவே கிடையாது.

வயதானவர்களிடம் “என்ன வேண்டும்?” என்று கேட்காதீர்கள், “எதுவும் வேண்டாம்பா” என்றுதான் பதில் வரும். “இங்கே வந்தால் எங்கே உட்காருவீங்க, எழுந்திருக்க எதைப் பிடிப்பீங்க?” என்று கேளுங்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் சொன்னதுதான் எங்கள் கோரிக்கையில் முதல் வரி ஆனது: முதுகு சாய்க்கவும் கை ஊன்றவும் வசதியான பெஞ்சு, அதுவும் கேட்டுக்குப் பக்கத்தில். சும்மா சிமென்ட் பலகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டுமாம். மூலையில் மாட்டினாற்போல ஒதுக்கி உட்கார வைத்தால் வரவும் மாட்டாராம், தெருவில் போகிறவர்களைப் பார்க்க முடியாதே.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்து முடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மக்கள் கருத்து என்று எழுதாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பாதிப் பேர் அந்தக் குழுவிலேயே இருக்க மாட்டார்கள்.

3. சங்கம் பதிவாகியிருக்கிறதா?

1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கம் பதிவு செய்யலாம். துணைவிதிகள், நிர்வாகிகளின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கான சான்று வேண்டும். ஏற்கெனவே சங்கம் இருந்தால் ஆண்டுக் கணக்கும் பொதுக்குழு விவரமும் ஒழுங்காகத் தாக்கல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல நகர்களில் பெயர்ப்பலகை மட்டும் உயிரோடு இருக்கும். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய ஜிபே எண்ணுக்குப் பணம் வசூலிப்பது பின்னால் மனக்கசப்பில்தான் முடியும்.

மனுக் கொடுக்க மட்டும் என்றால் பதிவு தேவையில்லை, கையெழுத்துகள் போதும். பணம் கொடுக்கவோ பராமரிப்பை ஏற்கவோ போகிறீர்கள் என்றால் பதிவு அவசியம்.

4. தரையிலேயே வரைந்து பாருங்கள்

கணினியில் வரைந்த வண்ணப் படத்தைக் காட்டினால் எல்லோரும் “சூப்பர்” என்பார்கள். அளவு யாருக்கும் புரியாது. ஒரு ஞாயிறு காலை இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, சுண்ணாம்புத் தூளால் நடைபாதையை அசல் அகலத்தில் தரையில் போடுங்கள். பெஞ்சுக்கு வீட்டு நாற்காலி, ஊஞ்சலுக்கு நான்கு குச்சி. பிறகு எல்லோரையும் நடக்க விடுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா, சக்கர நாற்காலி கேட்டில் நுழையுமா, ஊஞ்சலிலிருந்து குழந்தை குதித்தால் எங்கே விழும், எல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-ல் திறக்கப்படுவதற்கு முன் அங்கேயும் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திச் சோதனை பார்த்தார்கள். பெரிய இடத்துக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

இதைச் செய்யாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது ரெடிமேட் பூங்காதான்: எட்டு வடிவ நடைபாதை, பேவர் பிளாக், ஓப்பன் ஜிம், சிமென்ட் யானை, ஆறு மாதத்தில் நின்றுபோகும் நீரூற்று. ஊர் ஊராக இதே எஸ்டிமேட்தான், பெயரும் அளவும் மட்டும் மாறும்.

தரைக் கோடுகளைப் படம் எடுத்து, டேப் பிடித்து அளந்து, கிராஃப் தாளில் ஒரு வரைபடமாகப் போடுங்கள். தெரிந்த கட்டடக்கலை மாணவர் யாராவது கிடைத்தால் அழைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே தேங்குகிறது என்பதையும் அதில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். தேங்கும் மூலையில்தான் ஒப்பந்ததாரர் குழந்தைகள் விளையாடும் இடத்தை அமைப்பார். ஏனென்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

5. பகுதி சபையில் பதிவாகட்டும்

மாநகராட்சி வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை அமைக்கும் விதிகள் 2022-ல் வந்தன. கிராம சபை போலத்தான். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். உங்கள் வார்டில் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அறிவிப்பு தானாக உங்கள் வீடு தேடி வரும் என்று காத்திருக்காதீர்கள்.

கூட்டத்துக்குப் பத்துப் பதினைந்து பேராகப் போங்கள். வரைபடம், முதல் படியில் சேர்த்த ஆவணங்கள், கையெழுத்துத் தாள், எல்லாவற்றிலும் மூன்று செட். பேசினால் மட்டும் போதாது, நடவடிக்கைக் குறிப்பில் கோரிக்கை ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். மறுநாளே அதே கோரிக்கையை மனுவாக மண்டல அலுவலரிடம் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். புகார் எண்களாகச் சென்னையில் 1913, மாநிலம் முழுவதும் 1100 உண்டு. குப்பை, விளக்கு போன்றவற்றுக்கு அவை நன்றாக வேலை செய்கின்றன. புதுப் பூங்கா போன்ற கோரிக்கைக்கு அங்கிருந்து ‘பரிசீலனையில் உள்ளது’ என்று புகாரை முடித்துவைத்த குறுஞ்செய்திதான் வரும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

6. பணம்

வழிகள் நான்கு. மாநகராட்சியின் சொந்த நிதி, கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், தொகுதி முழுவதற்கும்), நமக்கு நாமே திட்டம். முதல் மூன்றும் அவர்கள் மனம் வைக்க வேண்டியவை. நான்காவதில் உங்கள் கை இருக்கிறது.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது பொதுமக்கள் போட வேண்டும், மீதியை அரசு போடும். 15 லட்சம் மதிப்பீடு என்றால் உங்கள் பங்கு 5 லட்சம். நூறு வீடு இருந்தால் வீட்டுக்கு 5,000. பக்கத்துத் தொழிற்சாலையோ பள்ளியோ மொத்தமாகவும் கொடுக்கலாம். ஆனால் யார் பெரிய தொகை கொடுக்கிறார்களோ அவர்கள் பெயர்ப்பலகை கேட்பார்கள். பலகையின் அளவையும் வாசகத்தையும் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் நகரில் நடைபாதையின் அகலத்துக்குக்கூட அத்தனை சண்டை இல்லை, பலகைக்கு இருந்தது.

பங்களிப்பைக் காசோலையாகவோ டிடியாகவோ அலுவலகத்திலேயே கட்டி ரசீது வாங்குங்கள். இடையில் யாரிடமும் ரொக்கம் வேண்டாம். எஸ்டிமேட்டைப் பார்த்து, உங்கள் வரைபடம் அதில் இருக்கிறதா என்று உறுதியான பிறகே கட்டுங்கள். பணம் கட்டிய பிறகு உங்கள் பேச்சு எடுபடுவது குறையும். ஏ.இ. எஸ்டிமேட் தயாரிக்கும் வாரத்தில் இரண்டு பேர் நேரில் போய் அவரோடு இடத்தில் நில்லுங்கள். மொத்த வேலையிலும் இதைவிட முக்கியமான வாரம் கிடையாது. முதுகு சாயும் பெஞ்சு, மண் தரை, கேட்டின் அகலம், குடிநீர்க் குழாய், பகலில் திறந்திருக்கும் நேரம் என ஐந்தாறு விஷயங்களை ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். இருபது விஷயம் எழுதினால் ஒன்றும் ஏறாது.

7. எப்போது தொடங்குவது

மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். உங்கள் கோரிக்கை அதற்குள் கோப்பாகியிருக்க வேண்டும் என்றால் பகுதி சபை, மனு எல்லாம் அக்டோபர், நவம்பருக்குள் முடிய வேண்டும். ஆர்டிஐக்கும் பதிவு நகலுக்கும் மூன்று மாதம் விட்டுக்கொண்டால், ஜூன், ஜூலையில் முதல் படியைத் தொடங்குவது சரி. கட்டுமான வேலை ஜனவரி முதல் ஜூன் வரை நன்றாக நடக்கும். மரக்கன்றுகளை ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வளர்த்துக் கொடுக்கும். மார்ச் கடைசியில் பில் போடுவதற்காக அவசரமாக நடும் கன்றுகள் மே மாத வெயிலில் போய்விடும்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதி வந்துவிடும், புதிய வேலை எதுவும் தொடங்காது. தேர்தல் ஆண்டென்றால் பணி ஆணையை அதற்கு முன்பே வாங்கப் பாருங்கள்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. 2016 வர்தா புயலில் சென்னையில் எத்தனை மரம் சாய்ந்தது என்று பார்த்தோம். ஆகவே புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ‘நிழல் தரும் மரங்கள்’ என்று எழுதினால் நர்சரியில் எது மலிவோ அது வரும்.

8. வேலை நடக்கும்போது

பணி ஆணையின் நகலை வாங்கி வையுங்கள். கொடுக்கவில்லையென்றால் மறுபடியும் 10 ரூபாய் ஆர்டிஐ. அதில் அளவுகளும் பொருள்களும் இருக்கும். தினமும் மேஸ்திரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கம்பி கட்டும் நாள், கான்கிரீட் போடும் நாள், பெஞ்சு இறங்கும் நாள் என மூன்று நாள் மட்டும் யாராவது நேரில் இருந்தால் போதும். மாற்றம் தெரிந்தால் படம் எடுத்து ஏ.இ.க்கு அன்றே எழுத்தில் அனுப்புங்கள், ஒப்பந்ததாரரிடம் சொல்லிப் பயனில்லை.

9. சாவி யாரிடம்?

திறப்பு விழாவுக்கு முன்பே முடிவாக வேண்டியவை: மின் இணைப்பு யார் பெயரில், மோட்டார் பழுதானால் யார், தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா, கேட் திறந்து மூடுவது யார். பராமரிப்பைச் சங்கமே ஏற்பதானால் மாநகராட்சியோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், காலம் குறிப்பிட்டு. சங்கம் ஏற்றாலும் இடம் பொது இடம்தான், ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்ட உரிமை இல்லை. இந்த ஆசை எல்லாச் சங்கத்திலும் யாருக்காவது வரும். முதல் கூட்டத்திலேயே மறுத்துவிடுங்கள்.

தோட்டக்காரர் சம்பளம்தான் நிரந்தரச் செலவு. அதை மாதச் சந்தாவில் சேர்க்க முடியுமா என்று பொதுக்குழுவில் கேட்டுவிட்டுத்தான் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் இலவசமாகப் பழுது நீக்கித் தர வேண்டிய காலம் எவ்வளவு என்பதும் பணி ஆணையில் இருக்கும். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பெயர்ந்த கல், எரியாத விளக்கு, ஆடும் ஊஞ்சல் கம்பி என்று பட்டியல் போட்டு, படங்களோடு செயற்பொறியாளருக்குக் கொடுத்து சீல் வாங்குங்கள். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகை அவருக்குத் திரும்பப் போன பிறகு கொடுத்தால் எல்லாமே புதிய எஸ்டிமேட்தான்.